வாசகர் கேள்வி பதில்: காற்று மழையும் கையில் இருக்கும் போனும்

ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு பருவத்தையும் வாங்கிக்கொள்கிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. அதனால் "மழை நேரத்தில் போனை எப்படிப் பயன்படுத்துவது" என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இந்த இதழில் இடம் இல்லை. உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன்.

ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் பக்கம் கரண்ட் திரும்பி வர ரொம்ப நாள் ஆனது அக்கா. வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். மறுநாளே என் போனில் சார்ஜ் தீர்ந்துபோய், அவர் அங்கே தவியாய்த் தவித்துவிட்டார். இனி அப்படி ஒன்று வந்தால் நாலைந்து நாள் போன் தாங்குவதற்கு என்ன செய்ய வேண்டும்?
வாசகி, தக்கலை

காற்று வந்த பிறகு செய்வதற்கு அதிகம் ஒன்றும் இல்லை தங்கச்சி, எல்லாம் முந்தின நாள் வேலை. வானிலை மையம் நம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை என்று சொன்ன உடனே வீட்டில் உள்ள எல்லா போனையும், பவர் பேங்கையும், சார்ஜ் லைட்டையும் போட்டு நிரப்பிவிடுங்கள், "ராத்திரி படுக்கும்போது போடலாம்" என்று தள்ளாதீர்கள், முதலில் போவது கரண்டுதான். பவர் பேங்க் வாங்கும்போது ஒரு விஷயம். 10,000 எம்ஏஎச் என்று எழுதியிருப்பது 5,000 எம்ஏஎச் போனை இரண்டு தடவை நிரப்பும் என்று நினைப்போம், நிரப்பாது. சூடாகவும் மற்றபடியும் வீணாவது போக, ஒரு தடவை முழுசாகவும் அதற்கு மேல் கொஞ்சமும்தான் கிடைக்கும். கணக்குப் போடும்போது அப்படியே போடுங்கள்.

கரண்ட் போன பிறகு போனை டார்ச்சாகப் பயன்படுத்தாதீர்கள். மெழுகுவர்த்தியோ எமர்ஜென்சி லைட்டோ அதற்குத் தனியாக இருக்கட்டும். திரை வெளிச்சத்தைக் குறைத்து, பேட்டரி சேவரைப் போட்டு, டேட்டாவை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் வந்து குவியும் வீடியோக்கள் தானாக இறங்குவதுதான் பல பேருடைய சார்ஜைத் தின்றுவிடுகிறது.

சிக்னல் இல்லாத போன்தான் சீக்கிரம் சாகும், இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. டவருக்கும் கொஞ்ச நேரத்துக்குத்தான் பேட்டரி, அதற்கப்புறம் டீசல், மரம் விழுந்து பாதை அடைத்துவிட்டால் டீசலும் வந்து சேராது. டவர் போய்விட்டால் உங்கள் போன் விடாமல் தேடிக்கொண்டே இருக்கும், அந்தத் தேடலிலேயே பேட்டரி கரைந்துவிடும். ஆகவே காற்று வருகிற வரைக்கும் போன் சாதாரணமாக இருக்கட்டும், எச்சரிக்கை வந்தால் கேட்க வேண்டும் அல்லவா. டவர் போய்விட்டது என்று தெரிந்த பிறகு ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, சொல்லிவைத்த நேரத்துக்கு மட்டும் எடுத்துப் பாருங்கள்.

அந்த நேரத்தை வீட்டுக்காரரிடம் இன்றைக்கே பேசி வையுங்கள். குவைத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், நமக்குக் காலை ஒன்பதரை என்றால் அவருக்கு ஏழு. "புயல் என்றால் காலை ஒன்பதரைக்கும் ராத்திரி ஒன்பதரைக்கும் மட்டும் போனைத் திறப்பேன், மற்ற நேரம் கிடைக்காவிட்டால் பயப்படாதீர்கள்" என்று சொல்லிவிட்டால் அவர் மனசுக்கும் ஆறுதல். அழைப்பு போகாத நெரிசலிலும் எஸ்எம்எஸ் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். "எல்லோரும் நலம், வீட்டில் இருக்கிறோம்" என்று ஒரு வரி போதும். அவர் அங்கிருந்து சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொள்ளட்டும், ஆளாளுக்கு உங்களைக் கூப்பிட வேண்டாம்.

அப்புறம், முக்கியமான எண்களை ஒரு தாளில் பேனாவால் எழுதி பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். உங்கள் போன் போனாலும் பக்கத்து வீட்டு போனில் இருந்து கூப்பிடலாம். கணவர் நம்பரே நமக்கு மனப்பாடம் இல்லாத காலம் இது.

ஒரு நாள் போனில் திடீரென்று சைரன் போலச் சத்தம், திரை முழுக்க ஏதோ எழுத்து. சோதனைச் செய்தி என்று பிறகு சொன்னார்கள். அம்மா ரொம்பப் பயந்துவிட்டார்கள், அதனால் செட்டிங்ஸில் அணைத்துவிட்டேன். தப்பில்லையே?
வாசகர், குளச்சல்

தயவுசெய்து இன்றைக்கே திரும்பப் போட்டுவிடுங்கள். 2023-இல் இருந்து அரசு நாடு முழுக்கப் பல தடவை சோதித்துப் பார்த்த செல் பிராட்காஸ்ட் எச்சரிக்கை அது. சாதாரண எஸ்எம்எஸ் ஒவ்வொரு நம்பராகப் போகும், இலட்சக்கணக்கான பேருக்கு அனுப்ப நேரம் பிடிக்கும். இது அப்படி இல்லை, டவர் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லா போனுக்கும் ஒரே நேரத்தில் சொல்லிவிடும். நம்பர் வேண்டாம், டேட்டா வேண்டாம், எல்லோரும் ஒரே சமயத்தில் போன் பேசி லைன் அடைத்துக் கிடந்தாலும் வந்துவிடும். செட்டிங்ஸைத் திறந்து மேலே தேடும் இடத்தில் 'எமர்ஜென்சி அலெர்ட்' என்று தட்டினால் வரும், உள்ளே இருப்பதை எல்லாம் ஆன் செய்யுங்கள்.

2004 டிசம்பர் 26 காலையில் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் சுனாமி அலை வருமுன் "ஓடுங்கள்" என்று சொல்வதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியதே 2007-இல்தான். இப்போது அந்த ஏற்பாடு இருக்கிறது, அது நம் வீட்டுக்கு வந்து சேரும் கடைசி இடம் இந்த போன். அம்மாவிடம் அந்தச் சத்தத்தை ஒரு தடவை போட்டுக் காட்டி, இது கேட்டால் என்ன செய்ய வேண்டும், எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள், பயம் தெளிந்துவிடும். ஒன்று மட்டும்: நில அதிர்வு தெரிந்தாலோ கடல் திடீரென்று உள்வாங்கினாலோ போன் சொல்லட்டும் என்று காத்திருக்கவே கூடாது, மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

அண்ணன் ஆழ்கடலுக்குத் தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகிறவன். நான் அவன் போனில் வானிலை ஆப் எல்லாம் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். அது போதுமா? வீட்டில் அம்மாவுக்கு ஒக்கிக்குப் பிறகு நிம்மதியே இல்லை.
வாசகர், தூத்தூர்

போதாது தம்பி. உங்கள் அம்மாவை நினைத்தே இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கரையில் இருந்து சில கடல் மைல் தாண்டியதும் செல்போன் சிக்னல் அறுந்துவிடும், அதற்கப்புறம் அந்த ஆப்புகள் எல்லாம் கடைசியாகப் பார்த்த செய்தியைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். அது நேற்றைய செய்தியா நாலு நாள் பழையதா என்று பார்க்காமல் நம்பினால் ஆபத்து. ஒக்கியையே பாருங்கள். 2017 நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30-ஆம் தேதி காலையில் குமரிக்கடலில் புயலாகிவிட்டது. அதற்குப் பல நாள் முன்பே கரையை விட்டுப் போன படகுகளுக்கு அதைச் சொல்ல வழியே இல்லாமல் போனது. உங்கள் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களில் அதனால் என்ன நடந்தது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனவே செல்போன் கரையில் பயன்படும் சாதனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு முந்தின ராத்திரியும் புறப்படும் காலையிலும் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் பார்ப்பது, ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை உயரம், கள்ளக்கடல் (திடீரென்று கடல் பொங்கிக் கரையேறுவது) எச்சரிக்கை பார்ப்பது, இதற்கு அது நல்ல கருவி. கடலுக்குள் வேண்டியது வேறு: விஎச்எஃப் வயர்லெஸ், அதில் சேனல் 16 ஆபத்துக்கு என்று உலகம் முழுக்க ஒதுக்கியது, வேறு பேச்சுக்கு அதைப் பிடித்துவைக்கக் கூடாது. அதுவும் சுற்றிலும் உள்ள படகுகள் வரைக்கும்தான் எட்டும். அதைவிடத் தூரம் போகிற படகில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்ப இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டர் கருவி வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும், சும்மா பொருத்தி இருந்தால் போதாது. சாட்டிலைட் போன் என்றால் நம் நாட்டில் அனுமதி பெற்றதாக இருக்க வேண்டும். வளைகுடாவில் இருந்து யாரோ கொண்டுவந்தது என்று அனுமதி இல்லாத போனை எடுத்துப் போனால் வழக்கில் மாட்டுவார்கள்.

அண்ணன் போனிலும் ஒரு பயன் மிச்சம் இருக்கிறது. சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், அது டவரைப் பார்ப்பதில்லை, வானத்தில் உள்ள செயற்கைக்கோளைப் பார்க்கிறது. படகின் கருவி பழுதானால் போன் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகையை வயர்லெஸில் வாசித்துச் சொல்லலாம். போனை நீர் புகாத உறையில் கழுத்தில் மாட்டியிருக்கட்டும், மேல்சட்டைப் பையில் வேண்டாம்.

கரையில் இருக்கும் நீங்கள் செய்ய வேண்டியது இன்னும் முக்கியம். படகின் பெயர், பதிவு எண், நிறம், எத்தனை பேர், அவர்கள் பெயர், எந்தத் தேதி எந்தத் துறைமுகத்தில் இருந்து, எந்தத் திசையில், எப்போது திரும்புவதாகச் சொன்னார்கள் என்பதை எழுதி உங்கள் போனில் படம் எடுத்து, பங்குத்தந்தையிடமோ சங்கத்திலோ ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். படகின் படமும் ஒன்று இருக்கட்டும். தேடுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான், பதற்றத்தில் யாருக்கும் ஞாபகம் வராது. கடலோரக் காவல் படைக்கு 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டையும் அம்மா போனிலும் போட்டுவையுங்கள்.

நாங்கள் ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்கள். செல்போன் கையில் இருந்தால் இடி இழுக்கும் என்று எங்கள் தோட்டத்தில் சொல்கிறார்கள், உண்மையா?
வாசகர், குலசேகரம்

உண்மை இல்லை. கையில் உள்ள போன் மின்னலை இழுப்பதில்லை. நீங்கள் நிற்கும் இடம்தான் இழுக்கிறது: உயர்ந்த மரத்தடி, மேடு, திறந்த வெளி. சார்ஜில் மாட்டிய போனில் பேசுவதுதான் ஆபத்து, ஏனென்றால் மின்கம்பி வழியாக அதிர்ச்சி வரும். இடி நேரத்தில் சார்ஜரைப் பிளக்கில் இருந்தே கழற்றிவிடுங்கள்.

புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' ஆப்பை ஏற்றி, இருப்பிட அனுமதி கொடுத்து வைத்தால் உங்களைச் சுற்றி 20, 40 கிலோமீட்டர் வட்டத்தில் மின்னல் விழுகிறதா என்று காட்டும். ஆனால் பேச்சிப்பாறைப் பக்கம் மலைக்குள் பல இடங்களில் சிக்னலே இருக்காது, அங்கே உங்கள் காதும் கண்ணும்தான். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள், 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, கத்தியை வைத்துவிட்டு கான்கிரீட் கூரைக் கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியாமல் வெளியே வராதீர்கள். ஷீட் போட்ட ஷெட்டோ மரத்தடியோ காப்பாற்றாது.

"பேச்சிப்பாறை அணை உடையப் போகுது, எல்லாரும் ஓடுங்க" என்று ஒரு ஆடியோ மழை பெய்தால் வந்துவிடுகிறது. ஆற்றங்கரையில் வீடு. நம்பினாலும் கஷ்டம், நம்பாவிட்டாலும் பயம்.
வாசகி, குழித்துறை

அந்த ஆடியோவில் யார் பேசுகிறார், எந்தத் தேதி, எந்த அலுவலகம் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்களுக்கு அனுப்பியவரிடமே "யார் சொன்னது" என்று கேளுங்கள், பெரும்பாலும் அவருக்கும் தெரியாது.

நம்ப வேண்டியது அணையின் நீர்மட்டமும் திறந்துவிடும் அளவும். பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு உயரம் 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. முழுசாக நிரம்பும் வரைக்கும் காத்திருக்க மாட்டார்கள், மழையைப் பார்த்து முன்கூட்டியே உபரிநீரைத் திறப்பார்கள், அப்போது மாவட்ட ஆட்சியர் பெயரில் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை வரும். பேச்சிப்பாறை நீர் கோதையாறாக திற்பரப்பு அருவியைத் தாண்டி மூவாற்றுமுகத்தில் பரளியாற்றோடு சேர்ந்து உங்கள் குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்துக்குப் போகிறது. பரளியாற்றில் இருப்பது பெருஞ்சாணி. ஆகவே உங்களுக்கு இரண்டு அணையின் செய்தியும் வேண்டும், ஒன்றை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். திற்பரப்பில் குளிக்கத் தடை என்று செய்தி வந்தால் மேலே தண்ணீர் கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

'சச்சேத்' என்ற ஆப் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துடையது, தமிழிலேயே எச்சரிக்கை தரும், அதை ஏற்றுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. செல்போனில் நேராகக் கிடைக்காவிட்டால் முன்னால் 04652 சேர்த்து அடியுங்கள். சந்தேகம் என்றால் அங்கே ஒரு தடவை கேட்டுவிடுங்கள். ஆனால் உங்கள் படித்துறையில் தண்ணீர் ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் எந்தச் செய்திக்கும் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

மழையில் நனைந்த போனை அரிசிக்குள் போட்டால் சரியாகுமா?
வாசகர், நாகர்கோவில்

வேண்டாம், ஆப்பிள் நிறுவனமே அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்லியிருக்கிறது, தூசியும் துகளும் உள்ளே போய்விடும். அணைத்துவிட்டு, சிம்மை எடுத்துவிட்டு, சார்ஜ் ஓட்டை கீழே பார்த்தபடி காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நன்றாக உலரும் வரை சார்ஜ் போடவே கூடாது.

திடீரென்று வெள்ளத்தில் மாட்டினால் எங்கே இருக்கிறோம் என்று எப்படிச் சொல்வது? எங்கள் பக்கம் எல்லா ஊரும் ஏதோ ஒரு 'விளை'தான், வெளியூர் ஆட்களுக்குப் புரியாது.
வாசகர், கருங்கல்

நல்ல கேள்வி. ஒரே பெயரில் ரெண்டு மூணு விளை இருக்கிறது, மீட்க வந்தவர்கள் வேறு ஊருக்குப் போய்விடக் கூடாது. 112-ஐ அழைத்தால் ஊர்ப் பெயரோடு பஞ்சாயத்து, பக்கத்தில் உள்ள கோவில் அல்லது சர்ச் அல்லது பள்ளிக்கூடம், எந்த ரோட்டில் இருந்து திரும்ப வேண்டும், எத்தனை பேர், அதில் குழந்தைகள் முதியவர்கள் எத்தனை, இதைச் சொல்லிவிடுங்கள். உங்கள் நெட்வொர்க் போய் திரையில் அவசர அழைப்பு மட்டும் என்று காட்டினாலும் 112-ஐ அடித்துப் பாருங்கள், வேறு நிறுவனத்தின் டவர் வழியாகப் போக வாய்ப்பு உண்டு.

டேட்டா இருந்தால் வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பலாம். இல்லாவிட்டால் கூகுள் மேப்பில் நீங்கள் நிற்கும் நீலப் புள்ளியை அழுத்திப் பிடியுங்கள், இரண்டு எண்கள் வரும், அதை போனில் வாசியுங்கள். நம் மாவட்டத்தில் எங்கே நின்றாலும் முதல் எண் 8-இலும் இரண்டாவது 77-இலும் தொடங்கும், வேறு எண் வந்தால் தப்பாக வாசிக்கிறீர்கள். மாவட்டத்தின் மேப்பை இப்போதே ஆஃப்லைனாக இறக்கி வையுங்கள், இல்லாவிட்டால் டேட்டா போனதும் வெறும் சாம்பல் நிறம்தான் தெரியும்.

அறுந்து கிடக்கும் மின்கம்பியைப் பார்த்தால் வீடியோ எடுக்கப் பக்கத்தில் போகாதீர்கள், தண்ணீருக்குள் கிடந்தால் அந்தத் தண்ணீரிலேயே கால் வைக்கக் கூடாது. மின்சார வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.

நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள், பட்டன் போன்தான், எழுத்தும் சரியாகத் தெரியாது. மழை என்றால் எனக்கு இங்கே தூக்கம் இல்லை.
வாசகி, பூதப்பாண்டி

பட்டன் போனை மாற்றாதீர்கள், அதன் பேட்டரி நாள்கணக்கில் தாங்கும், இந்த நேரத்துக்கு அதுதான் நல்லது. 2-ஐ அழுத்திப் பிடித்தால் உங்களுக்கு, 3-ஐ அழுத்திப் பிடித்தால் பக்கத்து வீட்டுக்கு என்று ஸ்பீட் டயலில் போட்டு, நீங்கள் ஊருக்குப் போகும்போது அவர்களையே அழுத்தவைத்துப் பழக்குங்கள். வாசிக்க முடியாது என்பதால் எச்சரிக்கையை நீங்கள்தான் அங்கிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். சச்சேத்தில் உங்கள் இடத்தோடு கன்னியாகுமரி மாவட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூப்பிடும்போது "ஆரஞ்சு அலெர்ட்" என்று சொல்லாமல் "அப்பா, இன்னைக்கு ராத்திரி பெருமழை, குளம் உடைஞ்சாலும் உடையும், சாயங்காலமே சித்தி வீட்டுக்குப் போயிருங்க" என்று செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்.

போன் கிடைக்காமல் போகும் நேரம் வரும், அதற்கு ஓர் ஆள் வேண்டும். கதவைத் தட்டிப் பார்த்து உங்களுக்குச் சொல்லக்கூடிய அண்டை வீட்டார் இரண்டு பேரிடம் முன்கூட்டியே பேசி, அவர்கள் நம்பரை வாங்கி, உங்கள் நம்பரையும் கொடுத்து வையுங்கள். இரண்டு பேரும் வெவ்வேறு நிறுவன சிம் வைத்திருப்பவர்களாக இருந்தால் இன்னும் நல்லது, ஒரு டவர் போனாலும் இன்னொன்று இருக்கும்.